அறிவுக்கு வேலி போட இவர்கள் யார்?

ஆறாயிரம் கோடி ரூபாய்! ஆலைத் தொழிலாளியும், நெசவாளியும், கல்லுடைப்பவனும் தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் காசு காசாகக் கட்டிய வரிப்பணத்திலிருந்து ஆறாயிரம் கோடி ரூபாய். எதற்கு? அணை கட்டவா? ஆலை எழுப்பவா? இல்லை தோழர்களே, படிப்பதற்கு! படிப்பதற்கு என்றால் பள்ளி கட்டுவதற்கும் அல்ல. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பூட்டி வைத்திருக்கும் ஆய்விதழ்களின் கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கட்டும் சந்தா அது.

2024 நவம்பர் 25-ஆம் நாள் டெல்லி அமைச்சரவை இந்த முடிவை எடுத்தது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்பது திட்டத்தின் பெயர். ஒரே வரி என்றார்கள், ஒரே ரேஷன் அட்டை என்றார்கள், ஒரே தேர்தல் என்றார்கள். வரிசையில் அடுத்தது ஒரே சந்தா! 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 30 பதிப்பகங்களுக்கு இந்தப் பணம். அதற்கு ஈடாக, ஏறத்தாழ 13,000 இதழ்களை, அரசின் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி நிலையங்களும் ஆய்வுக் கூடங்களும் படிக்கலாம். 1.8 கோடி மாணவரும் ஆசிரியரும் ஆய்வாளரும் பயன் பெறுவர் என்பது அரசின் கணக்கு.

நல்லதுதானே, இதில் குறை காண என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. நல்லதுதான். சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவனுக்கு நேற்றுவரை கிடைக்காதது இன்று கிடைக்கிறது என்றால், அதை வேண்டாம் என்று சொல்ல நாம் பித்தர்கள் அல்லர். ஆனால், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயே, நன்றி என்று சொல்லும் அதே வாயால், ஊர்க் கிணற்றைப் பூட்டியவன் யார், அவனுக்கு ஏன் வாடகை என்று கேட்பதும் நம் கடமை. அந்தக் கேள்விதான் இன்றைய கட்டுரை.

இந்த வாணிபம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க ஓர் அறிஞன் ஆய்வு செய்கிறான். அவனுக்குச் சம்பளம் தருவது யார்? பெரும்பாலும் அரசு. அதாவது மக்கள். ஆய்வுக்கூடம், கருவி, மின்சாரம் எல்லாம் மக்கள் பணம். ஆய்வு முடிந்ததும் கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்புகிறான். எழுதியதற்கு இதழ் அவனுக்குக் காசு தருகிறதா? ஒரு காசும் இல்லை. அக்கட்டுரை சரியா தவறா என்று சோதித்துச் சொல்ல வேறு பல்கலைக்கழகத்து அறிஞர்களிடம் அனுப்புகிறார்கள். அவர்களுக்குக் கூலி? பெரும்பாலும் அதுவும் இல்லை. இப்படி இனாமாக எழுதி, இனாமாகச் சோதித்து முடித்த கட்டுரையின் உரிமையைப் பதிப்பகம் எழுதி வாங்கிக்கொண்டு, பூட்டுப் போட்டு, எழுதியவனின் பல்கலைக்கழகத்துக்கே விலைக்கு விற்கிறது!

உழுதவன் ஒருவன், நாற்று நட்டவர் பலர், அறுத்தவர் பலர். எல்லாரும் கூலி வாங்காமல் நெல்லைக் கொண்டுபோய் ஒரு களஞ்சியத்தில் கொட்டுகிறார்கள். களஞ்சியத்துக்காரன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, 'அரிசி வேண்டுமா, படி இத்தனை ரூபாய்' என்கிறான். அவர்களும் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள். பண்ணையார் காலத்தில்கூட உழுதவனுக்கு ஒரு மரக்கால் கிடைத்தது. அறிவுப் பண்ணையில் அதுவும் இல்லை!

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ணுவோர் கணக்கைப் பார்க்கட்டும். இங்கிலாந்தில் ராபர்ட் மாக்ஸ்வெல் என்ற வாணிபர் 1951-இல் பெர்கமான் என்ற அறிவியல் பதிப்பகத்தைத் தொடங்கினார். நாற்பது ஆண்டு கழித்து, 1991-இல், அதை எல்செவியர் நிறுவனத்துக்கு 44 கோடி பவுனுக்கு விற்றார். அந்த எல்செவியர் இன்று ரெலெக்ஸ் என்ற பெரும் குழுமத்தின் அங்கம். 2023-ஆம் ஆண்டில் அக்குழுமத்தின் அறிவியல், மருத்துவப் பதிப்புப் பிரிவுக்கு வரவு 300 கோடி பவுனுக்கு மேல். அதில் இலாபம் நூற்றுக்கு 38 என்ற அளவில்! மூலப்பொருளை இனாமாக வாங்கி முதல் தரச் சரக்காக விற்கும் தொழில் உலகில் வேறு எது? எந்த மில் முதலாளிக்கு இந்தப் பேறு வாய்த்தது?

ஏழை நாடுகள்தான் அழுகின்றன என்றும் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் செல்வத்தில் சில நாடுகளையே விஞ்சும். அப்படிப்பட்ட ஹார்வர்டு 2012-இல் தன் ஆசிரியர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. சில பெரும் பதிப்பகங்களின் இதழ்களுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 37.5 இலட்சம் டாலர் செலவாகிறது, சில இதழ்களுக்குத் தனித்தனியே 40,000 டாலர் வரை ஆகிறது, இது தாங்காது, கட்டணமின்றித் திறந்திருக்கும் இதழ்களில் எழுதுவதைக் கருதுங்கள் என்றது அந்த அறிவிப்பு. யானைக்கே மூச்சு முட்டினால் எறும்பின் நிலை என்ன?

எறும்பின் நிலையைச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் லைபீரியா என்றொரு சிறு நாடு. 2014-இல் எபோலா என்ற கொள்ளை நோய் அந்நாட்டுக்குள் புகுந்தது. கொள்ளை நோய் ஓய்வதற்குள் அங்கே மட்டும் 4,800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எபோலா மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புதிது, யாரும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தனர். பின்னர் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் என்ற அம்மையாரும் அவரோடு பணியாற்றியவர்களும் பழைய ஏடுகளைத் தேடினர். கண்டது என்ன? லைபீரிய மக்களின் இரத்தத்தில் இந்நோயின் சுவடு இருக்கிறது, அந்நாட்டையும் எபோலா வட்டாரத்தில் சேர்க்க வேண்டும் என்று 1982-லேயே ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்திருக்கிறது! முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த எச்சரிக்கை ஏட்டில் உறங்கியது. இரத்தம் கொடுத்தவன் லைபீரியன். கட்டுரை எழுதியவர்களில் ஒரு லைபீரியனும் இல்லை. அத்தகைய கட்டுரை ஒன்றை இணையத்தில் வாங்கிப் படிக்க 45 டாலர் ஆகும். அது லைபீரிய மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம் என்று அவர்கள் 2015-இல் பத்திரிகையில் எழுதினர்.

அக்கட்டுரை திறந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பர் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவமனை வேண்டும், மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும். ஆனால், வீட்டுக்குள் பாம்பு இருக்கிறது என்று எழுதி வைத்த ஓலையைப் பெட்டியில் பூட்டி, பெட்டியை அடுத்த கண்டத்தில் வைத்து, திறக்கக் கூலியும் கேட்டால், அதற்கு என்ன பெயர்? வாணிபம் என்று அவர்கள் சொல்லட்டும். வஞ்சகம் என்று நாம் சொல்லுவோம்.

இந்த வேலி நமக்குப் புதிதா தோழர்களே? இந்த மண்ணில் 'நீ படிக்காதே' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த கூட்டம் நாம். வேதம் ஓதுவதைச் சூத்திரன் காதால் கேட்டால் அந்தக் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் விதித்தது. அன்றைய வேலி பிறப்பால் போட்டது. இன்றைய வேலி பணத்தால் போட்டது. இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டோம். ஈயத்தை உருக்கி ஊற்றுவதும் பணம் கேட்பதும் ஒன்றாகா. ஆனால், இரண்டு வேலிக்கும் உள்ளே இருக்கும் எண்ணம் ஒன்றே: அறிவு சிலருக்கு உடைமை, மற்றவர் வெளியே நில். அந்த எண்ணத்தைத்தான் நம் இயக்கம் முதல் நாளிலிருந்து எதிர்த்து வந்தது.

இந்த வேலியை எதிர்த்து உலகின் பல மூலைகளில் ஒரு படை திரண்டிருக்கிறது. துப்பாக்கி ஏந்திய படை அல்ல. நூலகரும், கணக்கரும், கணினித் தொழிலாளியும், ஆசிரியரும் சேர்ந்த படை. 1991-இல் அமெரிக்காவில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலார், அறிஞர்கள் தம் கட்டுரைகளை இதழுக்குப் போகுமுன் யாரும் இனாமாகப் படிக்கும்படி ஒரு களஞ்சியம் அமைத்தார். 2001-இல் விக்கிப்பீடியா பிறந்தது. 2002 பிப்ரவரியில், ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகரின் பெயரால் ஓர் அறிக்கை வந்தது: ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க, படியெடுக்க, பரப்ப உரிமை வேண்டும் என்று.

2004-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ரூஃபஸ் பொல்லாக் என்பவர், திறந்த அறிவுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஓபன் நாலெட்ஜ் ஃபவுண்டேஷன் என்பது அதன் பெயர். இலாபம் ஈட்டாத அமைப்பு; இன்று பல நாடுகளில் கிளைத்த வலை. அது செய்த முதற் பெரும் பணி, ஒரு சொல்லுக்குப் பொருள் வகுத்ததுதான். 'திறந்த அறிவு' என்றால் என்ன? எவரும் அடையலாம், பயன்படுத்தலாம், மாற்றி அமைக்கலாம், பிறரோடு பகிரலாம். வைக்கலாகும் நிபந்தனை, ஆக்கியவர் பெயரைச் சொல் என்பதும், நீ ஆக்குவதையும் அப்படியே திறந்து வை என்பதும் போன்றவைதாம். இலக்கணம் வகுத்ததால் என்ன பயன் என்று கேட்கலாம். கூலி என்றால் என்ன, வேலை நேரம் என்றால் என்ன என்று சட்டத்தில் வரையறுக்காத காலத்தில் முதலாளி என்ன ஆட்டம் ஆடினான் என்பது தொழிற்சங்கத் தோழருக்குத் தெரியும். 'திறந்தோம், திறந்தோம்' என்று சொல்லிப் பாதிக் கதவை மட்டும் திறப்பவனைப் பிடிக்க, சொல்லுக்குப் பொருள் வேண்டும்.

அந்த அமைப்பு ஆய்வுக் கட்டுரையோடு நிற்கவில்லை. அரசுகளின் வரவு செலவு, மக்கள் தொகை, மருத்துவம், போக்குவரத்து ஆகியவற்றின் கணக்குகளும் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றது. அப்படிக் கணக்கை வெளியிடுவதற்கான கணினி நிரல் ஒன்றை ஆக்கி இனாமாகவே கொடுத்தது; பிரிட்டன், அமெரிக்க அரசுகளின் தரவுத் தளங்களே அதைப் பயன்படுத்தின.

கணக்கைக் காட்டு என்று கேட்பது படித்தவர் பொழுதுபோக்கு என்று எண்ணாதீர்கள். ராஜஸ்தானில் மண் வெட்டிய கூலிகள்தாம் அதை இந்த நாட்டுக்குக் கற்றுக் கொடுத்தனர். எங்கள் பெயரில் எவ்வளவு கூலி எழுதியிருக்கிறாய், பட்டியலின் நகலைக் கொடு என்று கேட்டு 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்தார்கள். தகவல் பெறும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதன்முதலாகச் சட்டம் இயற்றிய மாநிலம் எது? தமிழ்நாடு! 1997-இல், கலைஞர் ஆட்சியில். டெல்லிச் சட்டம் வந்தது 2005-இல்தான்.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். 'எல்லாவற்றையும் இனாமாகக் கொடு என்கிறாயே, எழுதியவன் வயிறு என்ன ஆவது?' என்று கேட்கிறார்கள். கதை எழுதிப் பிழைப்பவனின், பாட்டெழுதிப் பிழைப்பவனின் கூலியை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. உழைப்பவனுக்குக் கூலி என்பது நம் முழக்கம், அதற்கு விலக்கில்லை. ஆனால், ஆய்விதழில் எழுதியவனுக்கு நீ கூலி கொடுத்தாயா? கொடுக்காத கூலியைக் காட்டி வேலிக்கு நியாயம் தேடுவது, பட்டினி போட்ட வேலைக்காரனின் பெயரைச் சொல்லி ஊரில் நன்கொடை வசூலிப்பது போல.

இப்போது வேறொரு தந்திரமும் வந்துவிட்டது. படிப்பவனிடம் பணம் வாங்கமாட்டோம், எழுதுபவன் கட்டட்டும் என்கிறார்கள். நேச்சர் என்ற புகழ்பெற்ற இதழ், ஒரு கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிட 9,500 யூரோ கட்டணம் என்று 2020-இல் அறிவித்தது. திருநெல்வேலியிலோ நைரோபியிலோ இருக்கும் இளைஞன் எங்கே போவான்? முன்பு படிக்க முடியாமல் வெளியே நின்றான். இனி எழுத முடியாமல் வெளியே நிற்பான். பூட்டைப் பின்கதவிலிருந்து முன்கதவுக்கு மாற்றிவிட்டுப் பூட்டே இல்லை என்பதா? வேறு வழி இல்லாமலில்லை. பிரேசில் நாட்டில் 1998-இல் சியெலோ என்ற பொதுக் களஞ்சியம் தொடங்கினார்கள். அந்நாட்டு ஆய்வு நிதி அமைப்பின் துணையோடு வளர்ந்து, இன்று தென் அமெரிக்க நாடுகள் பலவற்றின் இதழ்களை உலகம் முழுதும் கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. ஏகாதிபத்தியத்திடம் அடிபட்ட நாடுகள்தாம் இதிலும் வழி காட்டுகின்றன!

முடியாது, முடியாது என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார்களே, 2020-இல் கொரோனா வந்ததும் என்ன நடந்தது? பெரும் பதிப்பகங்களே அந்நோய் பற்றிய கட்டுரைகளைக் கட்டணமின்றித் திறந்து வைத்தன. பாராட்டுவோம். ஆனால் கேட்போம்: கொரோனாவுக்குத் திறந்த கதவு காசநோய்க்கு ஏன் திறக்கவில்லை? பணக்காரனையும் கொல்லும் நோய் என்றால் கதவு திறக்கும். பாட்டாளியைக் கொல்லும் நோய் என்றால் சந்தாவா?

டெல்லியில் நடந்த ஒரு வழக்கையும் தோழர்கள் அறிய வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்து வளாகத்தில் ராமேஸ்வரி என்ற பெயரில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை. பாடத்துக்குரிய பக்கங்களைப் பல நூல்களிலிருந்து படியெடுத்து, ஒன்றாகக் கட்டி மாணவருக்குக் கொடுத்தது. 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று மாபெரும் பதிப்பகங்கள் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. மூன்று யானைகள் ஒரு பெட்டிக்கடை மீது! 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளினார். பதிப்புரிமை என்பது தெய்வம் தந்த உரிமையும் அல்ல, இயற்கை தந்த உரிமையும் அல்ல. மக்களின் அறிவு வளம் பெறுவதற்காக வகுக்கப்பட்ட ஏற்பாடு என்பது அத்தீர்ப்பின் கருத்து. அதே ஆண்டு டிசம்பரில், மேல்முறையீட்டை விசாரித்த ஆயம் சில கேள்விகளை மறுவிசாரணைக்கு அனுப்பினாலும், கற்பித்தலுக்காகப் படியெடுக்கும் உரிமையை ஏற்றது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன. தெய்வீக உரிமை என்று எதைச் சொன்னாலும் 'எங்கே எழுதியிருக்கிறது, காட்டு' என்று கேட்டுப் பழகிய நமக்கு, அத்தீர்ப்பு தேன் அல்லவா?

இப்போது ஆறாயிரம் கோடிக்குத் திரும்புவோம். நம் குறை மூன்று.

ஒன்று: இது வாடகை, உடைமை அல்ல. பணம் கட்டும் வரை கதவு திறந்திருக்கும். மூன்றாண்டு முடிந்தபின் வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினால்? ஏற்றியதைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் தெருவில் நிற்க வேண்டும்.

இரண்டு: உள்ளே அனுமதி யாருக்கு? அரசுக் கல்லூரி மாணவருக்கு உண்டு. தொழிலகத்துத் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளிக்காக வாதாடும் தொழிற்சங்கச் செயலாளருக்கு உண்டா? அந்தத் தூசி பற்றிய ஆய்வு அவருக்குத்தானே முதலில் வேண்டும்! சிற்றூரில் தனியே மருத்துவம் பார்க்கும் மருத்துவருக்கு? கல்லூரியை விட்டு வெளிவந்து வேலை தேடும் பட்டதாரிக்கு? வரி கட்டுவது எல்லாரும். வாசலில் நிறுத்தப்படுவது பெரும்பாலோர்.

மூன்று: இந்திய அறிஞன் இந்திய மக்கள் பணத்தில் எழுதிய கட்டுரையும் அந்தப் பூட்டுக்குள்தான் கிடக்கிறது. நம் பண்டத்தை நாமே வாடகைக்கு எடுக்கும் விந்தை வேறெங்கு உண்டு?

நம் மரபு இதுவன்று. பாரதியின் பாடல்கள் தனியார் உரிமையில் சிக்கியபோது, 1949-இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைக் கைக்கொண்டு, பின்னர் 1950-களில் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கியது. அன்று தொடங்கிய நாட்டுடைமை முறையில், குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து, பாவேந்தர், பேரறிஞர் அண்ணா முதலிய பலரின் நூல்களை அரசு மக்களுடைமை ஆக்கியது. 2024-இல் கலைஞரின் நூல்கள், தொகை ஏதும் பெறாமலே நாட்டுடைமை ஆயின. எழுதியவன் குடும்பத்துக்கும் வஞ்சனை இல்லை, படிப்பவனுக்கும் வேலி இல்லை. கேம்பிரிட்ஜ் அமைப்பு இலக்கணம் வகுத்ததற்கு, தமிழ்நாடு அரை நூற்றாண்டு முன்பே இலக்கியம் படைத்துவிட்டது! 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. கிளைக் கழகத்தின் படிப்பகத்தில் ஒரே நாளேட்டை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர் சுற்றி அமர்ந்து கேட்டார்களே, அங்கே யார் சந்தா கேட்டது?

ஆகவே நாம் கேட்பது தெளிவு. மக்கள் பணத்தில் நடந்த ஆய்வு எதுவாயினும், வெளிவந்த நாளிலேயே பொதுக் களஞ்சியத்தில் எவரும் படிக்க வைக்கப்பட வேண்டும். இயலாத காரியம் அல்ல. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலட்சக்கணக்கில் சோத்கங்கா என்ற களஞ்சியத்தில் இன்றே திறந்திருக்கின்றன. அடுத்து, ஆறாயிரம் கோடிச் சந்தா கட்டும் நாளில், சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், மாவட்ட மைய நூலகங்களிலும் வந்து உட்காரும் எந்தக் குடிமகனும் அந்த இதழ்களைப் படிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மூன்றாவது, ஆய்வின் சாரம் தமிழில் வர வேண்டும். ஆங்கிலப் பூட்டைக் கழற்றாமல் பணப் பூட்டை மட்டும் கழற்றினால் பாதிக் கதவுதான் திறக்கும். மாநில அரசின் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கேனும் தமிழ்ச் சுருக்கம் கட்டாயம் என்று நாமே முதலில் செய்து காட்டுவோம்.

தோழர்களே, அடுத்த முறை உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது, சாலை கேளுங்கள், குடிநீர் கேளுங்கள். அவற்றோடு இதையும் கேளுங்கள். எங்கள் பணத்தில் எழுதியதை நாங்கள் படிக்க எவனுக்கு ஏன் வாடகை என்று கேளுங்கள். 2027 முடிந்து அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்குள், இந்தக் கேள்வி டெல்லியின் காதில் விழுந்தாக வேண்டும்.